டார்ட்மண்ட் ரசிகர்கள் ஷப்புயிஸாவை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி: 1997 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஹைலைட்ஸ் பார்த்தேன். ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் 9ஆம் எண் போட்ட சுவிஸ்காரர் கோல் எதுவும் அடிக்கவில்லை. 70ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய டார்ட்மண்ட் ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுகிறார்களே, அப்படி என்ன செய்தார்? அவருடைய கிளப் வாழ்க்கையை முழுசாகச் சொல்ல முடியுமா? எந்த மேட்ச் பார்க்கலாம்?

பதில்:

நீங்கள் பார்த்தது அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய இரவு. ஆனால் ஸ்டெஃபான் ஷப்புயிஸாவை எடைபோட அந்த மேட்ச் உதவாது. அவர் கிளப் வாழ்க்கையில் ஒரு வினோதம் உண்டு. தனி ஆளாகப் பிரமாதமாக ஆடிய சீசன்களில் கோப்பை கை நழுவிப் போனது. கோப்பைகள் வரிசையாக வந்த காலத்தில் காயம் அவரைப் பிடித்துக்கொண்டது, அல்லது கடைசி நிமிடங்களில் வேறு யாராவது கோல் அடித்துப் பெயர் வாங்கினார்கள். கோப்பைப் பட்டியலை மட்டும் பார்த்தால் "நல்ல டீமில் இருந்த நல்ல ஸ்டிரைக்கர்" என்று தோன்றும். அந்த டீம் நல்ல டீமாக மாறியதே இவரால்தான் என்பதைப் பட்டியல் சொல்லாது.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சுவிட்சர்லாந்தில் அந்தக் குடும்பப் பெயர் மகனுக்கு முன்பே பிரபலம். அப்பா பியேர்-ஆல்பேர் ஷப்புயிஸா, செல்லப்பெயர் 'கபே', தேசிய அணிக்கு ஆடிய முரட்டு டிஃபெண்டர். 1985இல் வெவே கிளப்புக்காக ஆடியபோது செர்வெட் அணியின் லூசியன் ஃபாவ்ர் மீது அவர் போட்ட ஒரு டாக்கிளில் ஃபாவ்ரின் முழங்கால் போயே போய்விட்டது. விவகாரம் கோர்ட் வரை போய் அபராதமும் விழுந்தது. அதே ஃபாவ்ர் 2018 முதல் 2020 வரை டார்ட்மண்டுக்குக் கோச்சாக இருந்தார், மகன் ஷப்புயிஸா புகழ் பெற்ற அதே கிளப்பில்! மகன் அப்பாவுக்கு நேர் எதிர். அமைதியான ஆள், பேட்டியில் இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டார்.

பிறந்தது 1969 ஜூன் 28, லோசானில். நகரின் மேற்குப் பக்கத்து மாலே கிளப்பில் ஆடிவிட்டு லோசான்-ஸ்போர்ட் அணிக்கு வந்தார். 1954 உலகக் கோப்பையில் ஆஸ்திரியா 7, சுவிட்சர்லாந்து 5 என்று முடிந்த அந்தப் பைத்தியக்கார மேட்ச் நடந்த பொன்டேஸ் ஸ்டேடியம்தான் அப்போது அவர்களுடைய சொந்த மைதானம். அங்கே ஆடிய நாட்களிலேயே, 1989இல், தேசிய அணியிலும் இடம் கிடைத்துவிட்டது. இடது கால் ஆட்டக்காரர். இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருவது, முதுகில் டிஃபெண்டரைச் சுமந்துகொண்டே பந்தைக் காலடியில் வைத்துத் திரும்புவது, இதெல்லாம் லோசானிலேயே வந்துவிட்டது. பெரிய வேகமெல்லாம் கிடையாது. டிஃபெண்டர் எந்தக் காலில் எடையைப் போடுகிறான் என்று பார்த்துவிட்டு, மறுபக்கம் நகரும் ரகம்.

1991 ஜனவரியில் ஜெர்மனிக்குப் போனார். போன இடம்தான் சரியில்லை. பேயர் ஊர்டிங்கன், கிரேஃபெல்ட் நகரத்து கிளப், பேயர் கெமிக்கல் கம்பெனியின் ஆதரவில் ஓடிக்கொண்டிருந்த டீம். அந்த சீசனே பண்டஸ்லிகாவிலிருந்து, அதாவது ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீகிலிருந்து, கீழே இறங்கிவிட்டது. ஷப்புயிஸா ஆடியது 10 மேட்ச், அடித்தது 4 கோல். அரை சீசனில் மூட்டை கட்டினார்.

இங்கேதான் அதிர்ஷ்டம் குறுக்கே வந்தது. அதே 1991 கோடையில் போருசியா டார்ட்மண்ட் புதுக் கோச்சாக ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்டைக் கொண்டுவந்தது. ஹிட்ஸ்ஃபெல்ட் ஜெர்மானியர், ஆனால் கோச்சாக அதுவரை வேலை பார்த்ததெல்லாம் சுவிட்சர்லாந்தில். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சூரிச்சின் கிராஸ்ஹாப்பர் அணியைத் தொடர்ந்து லீக் சாம்பியன் ஆக்கியவர். லோசானின் இந்த இடதுகாலன் எப்படிப்பட்டவன் என்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவருக்கு வேறு யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. பண்டஸ்லிகாவில் பெரும்பாலானோருக்கு ஷப்புயிஸா என்பது கீழே இறங்கிய ஒரு டீமின் ஆள். ஹிட்ஸ்ஃபெல்டுக்கு அப்படியில்லை.

அப்போதைய டார்ட்மண்டை இன்றைய டார்ட்மண்டாக நினைத்துவிடாதீர்கள். 1963க்குப் பிறகு அந்த கிளப் ஜெர்மன் சாம்பியனே ஆகவில்லை. பண்டஸ்லிகா தொடங்கியதே 1963 ஆகஸ்டில்தான், அதாவது பண்டஸ்லிகா பட்டம் ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் மூடிக்கொண்டிருந்த ரூர் பகுதி. வாரம் முழுக்கக் கஷ்டப்பட்டுவிட்டு சனிக்கிழமை தெற்கு ஸ்டாண்டில் நின்றுகொண்டே மேட்ச் பார்க்கும் கூட்டம்.

1991-92 சீசன். இரண்டு ஜெர்மனியும் இணைந்த பிறகு கிழக்கு ஜெர்மன் கிளப்களையும் சேர்த்துக்கொண்டதால் அந்த ஒரு வருடம் 20 டீம், 38 ரவுண்ட். முதல் முழு சீசன் ஆடும் 22 வயதுப் பையன் 20 கோல் அடித்தார். அதிக கோல் அடித்தவர் ஸ்டுட்கார்ட்டின் ஃபிரிட்ஸ் வால்டர், 22 கோல். (1954 உலகக் கோப்பைக் கேப்டன் வேறு ஃபிரிட்ஸ் வால்டர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

1992 மே 16, கடைசி நாள். ஃப்ராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், டார்ட்மண்ட் மூன்றும் ஒரே புள்ளியில். பட்டம் மூன்றில் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். கோல் வித்தியாசத்தில் டார்ட்மண்ட் கடைசி, எனவே மற்ற இரண்டும் சறுக்க வேண்டும். டூயிஸ்பர்க்கில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஷப்புயிஸா கோல் அடித்துவிட்டார், 1-0. அதற்குப் பிறகு டார்ட்மண்ட் ரசிகர்களின் காது ரேடியோவில்தான். ஃப்ராங்க்ஃபர்ட் ரோஸ்டாக்கில் தடுமாறுகிறது. லெவர்குசனில் ஸ்டுட்கார்ட் 1-1. இப்படியே முடிந்தால் டார்ட்மண்ட் சாம்பியன், பட்டத்தை வென்று கொடுத்த கோல் ஷப்புயிஸாவினுடையது. 86ஆவது நிமிடத்தில் ஸ்டுட்கார்ட்டின் கைடோ புக்வால்ட், கோல் அடிப்பதைத் தொழிலாகவே வைத்துக்கொள்ளாத ஒரு மனிதர், தலையால் முட்டி 2-1 ஆக்கினார். ஸ்டுட்கார்ட் சாம்பியன். டார்ட்மண்ட் அதே புள்ளியோடு இரண்டாமிடம். ஃப்ராங்க்ஃபர்ட்டைத் தோற்கடித்த ரோஸ்டாக் அன்றே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது தனிக் கூத்து.

புக்வால்ட் அந்தப் பந்தை வெளியே முட்டியிருந்தால் இந்தக் கேள்வியையே நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் எண்ணம். டூயிஸ்பர்க் கோல் இன்று வருடாவருடம் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த சீசனில் யூஈஎஃப்ஏ கப் என்ற ஐரோப்பிய கிளப் போட்டியில் ஃபைனல் வரை போனார்கள். 1993 மே மாதம், இரண்டு லெக், அதாவது ஆளுக்கொரு மைதானத்தில் ஒரு மேட்ச். எதிரே ஜொவானி டிராபட்டோனி கோச்சாக இருந்த இத்தாலியின் யுவென்டஸ், ராபர்ட்டோ பாஜியோ உச்சத்தில் இருந்த நேரம். சொந்த மைதானத்தில் மைக்கேல் ரும்மெனிகே முதலில் கோல் போட்டும் 1-3 தோல்வி. டூரினில் 0-3.  ஆனால் இந்தத் தோல்வி கிளப்பின் வரலாற்றை மாற்றியது. ஐரோப்பியப் போட்டி டிவி பணத்தை ஜெர்மன் கிளப்கள் பகிர்ந்துகொள்ளும் முறை அப்போது இருந்தது. மற்ற ஜெர்மன் கிளப்கள் சீக்கிரமே வெளியேறிவிட்டதால் டார்ட்மண்டுக்குச் சுமார் 2.5 கோடி மார்க் வந்து சேர்ந்தது. அந்தப் பணத்தில்தான் இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த ஜெர்மன் நட்சத்திரங்களை வரிசையாகத் திருப்பி வாங்கினார்கள்: ரீட்லே, மோல்லர், கோலர். இரண்டாவது லெக்கில் டார்ட்மண்டுக்கு எதிராகக் கோல் அடித்த அந்த மோல்லரேதான். 1997இல் நீங்கள் பார்த்த டீம் அப்படித்தான் உருவானது. அதற்கு அஸ்திவாரம் போட்ட 1991-93 டீமில் முன்வரிசையைத் தாங்கியது யார் என்று ஹைலைட்ஸில் தெரியாது. பழைய ரசிகர்களுக்குத் தெரியும்.

நடுவில் 1994 உலகக் கோப்பையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், கேள்வி கிளப் பற்றி என்பதால். ராய் ஹாட்ஜ்சன் கோச், ருமேனியாவை 4-1 என்று அடித்த மேட்சில் ஷப்புயிஸாவும் ஒரு கோல் போட்டார். மொத்தம் தேசிய அணிக்கு 103 மேட்ச், 21 கோல். கிளப்பில் அடித்த வேகத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், ஆனால் அந்த சுவிஸ் அணி எதிர்த் தாக்குதலில் வாழ்ந்த அணி.

1994-95இல் டார்ட்மண்ட் பறந்துகொண்டிருந்தது. 1995 மார்ச்சில் ஷப்புயிஸாவின் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. டென்மார்க்கின் ஃப்ளெமிங் பௌல்சனும் அதே சீசனில் அதே மாதிரி காயம் பட்டு, ஆட்டத்தையே விட வேண்டியதாகிவிட்டது. முன்வரிசை காலி. ஹிட்ஸ்ஃபெல்ட் என்ன செய்தார் தெரியுமா? 18 வயது லார்ஸ் ரிக்கனையும், அவரைவிடச் சின்னவரான கானா நாட்டு இப்ராஹிம் டாங்கோவையும் இறக்கினார். கடைசி நாளில் ஹாம்பர்க்கை 2-0 என்று வென்று, பட்டத்துக்குப் போட்டியிட்ட ப்ரெமன் மியூனிக்கில் தோற்றதும் சேர, 32 வருடத்துக்குப் பிறகு டார்ட்மண்ட் சாம்பியன். கோல் அடித்தவர்கள் மோல்லரும் ரிக்கனும். ஷப்புயிஸா வேடிக்கை பார்த்தார். அடுத்த வருடமும் பட்டம். அந்த சீசனின் முதல் பாதியை முழங்காலைத் தேற்றுவதிலேயே கழித்தார்.

இந்த முழங்கால் காயத்துக்குப் பிறகு அவர் ஆட்டம் மாறியது. முன்பு டிஃபெண்டரைத் தாண்டிப் போய்க் கோல் தேடுவார். பிறகு பந்தை வாங்கி, ஒரு நொடி நிறுத்தி, மோல்லரோ ரீட்லேயோ ஓடிவரும் வழியில் தள்ளிவிடுவது அதிகமானது. கோல் குறைந்ததும் "பழைய ஷாப்பி இல்லை" என்று சிலர் சொன்னார்கள். (ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் ஷாப்பி.) எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. 28 வயதில், அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு, வேலையை மாற்றிக்கொண்டு உலகத்தின் மிகச் சிறந்த டிஃபென்ஸுகளுக்கு எதிராக நின்றவரை வேறு எப்படி மதிப்பது?

சரி, உங்கள் ஃபைனலுக்கு வருவோம். 1997 மே 28, மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம். எதிரே மறுபடி யுவென்டஸ், நடப்புச் சாம்பியன், ஜிடேனோடு. ரீட்லே முதல் பாதியில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல். 65ஆவது நிமிடத்தில் டெல் பியரோ குதிகாலால் தட்டி 2-1. யுவென்டஸ் நெருக்குகிறது, டார்ட்மண்ட் மூச்சு வாங்குகிறது. அந்த நேரத்தில் ஷப்புயிஸாவை அழைத்துவிட்டு, ரிக்கனை உள்ளே அனுப்பினார் ஹிட்ஸ்ஃபெல்ட். ரிக்கன் டார்ட்மண்டிலேயே பிறந்து வளர்ந்த பையன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே கோல்கீப்பர் பெருஸ்ஸி ரொம்ப முன்னால் வந்து நிற்பதைக் கவனித்துவிட்டார். மோல்லர் பாஸ் கொடுத்தார். ரிக்கனின் முதல் டச். ஏறக்குறைய 30 மீட்டரிலிருந்து பந்தைத் தூக்கிவிட்டார், பெருஸ்ஸியின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. உள்ளே வந்து 16 நொடிதான் ஆகியிருந்தது. டார்ட்மண்ட் ஊரில் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். யாருக்குப் பதிலாக ரிக்கன் வந்தார் என்பது ட்ரிவியா கேள்வியாகிவிட்டது.

ஆனாலும் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்ற முதல் சுவிஸ் வீரர் ஷப்புயிஸாதான். ஷாகிரி, அகாஞ்சி எல்லாம் பின்னால் வந்தவர்கள்.

அந்த வருடம் டிசம்பரில் டோக்கியோவில் பிரேசிலின் குரூசெய்ரோவை 2-0 வென்று, ஐரோப்பிய, தென் அமெரிக்க சாம்பியன்கள் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பையும் வந்தது. ஹிட்ஸ்ஃபெல்ட் கோச் பதவியை விட்டிருந்தார், இத்தாலியரான நெவியோ ஸ்காலா வந்திருந்தார். லீகில் டீம் சரிந்துகொண்டிருந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு முக்கியமான மேட்ச். 1998 மார்ச், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, டார்ட்மண்ட் எதிர் பயர்ன் மியூனிக். இந்தப் போட்டியில் இரண்டு ஜெர்மன் கிளப்கள் மோதியது அதுதான் முதல் முறை. மியூனிக்கில் 0-0. பயர்னின் கோச் யார்? 1993இல் யுவென்டஸோடு வந்து இவர்களை நசுக்கிய அதே டிராபட்டோனி. இரண்டு லெக்குக்கும் நடுவே, மார்ச் 10 அன்று, பத்திரிகையாளர் கூட்டத்தில் தன் வீரர்களைத் தாறுமாறான ஜெர்மன் மொழியில் மேசையைத் தட்டித் திட்டினார், அது ஜெர்மனியில் இன்றும் ஓடும் காமெடி கிளிப். எட்டு நாள் கழித்து டார்ட்மண்டில் இரண்டாவது லெக். 90 நிமிடம் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைம். 109ஆவது நிமிடத்தில் ஷப்புயிஸா அடித்தார், 1-0, பயர்ன் வெளியே. 1992இல் கிடைக்காத தருணம் இதில் கிடைத்தது என்பேன். ஆனால் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றுவிட்டதால் இந்தக் கோலும் கோப்பை ஏதும் இல்லாமல் நின்றுபோனது. (அந்த மாட்ரிட் மேட்சில் ஆட்டம் தொடங்கும் முன்பே ரசிகர்கள் வேலியைத் தள்ள, கோல் போஸ்ட் சாய்ந்து விழுந்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது. தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும்.)

1999இல் டார்ட்மண்டை விட்டார். அங்கே லீகில் 218 மேட்ச், 102 கோல். ஊர்டிங்கனையும் சேர்த்தால் பண்டஸ்லிகா கணக்கு 228 மேட்ச், 106 கோல். கிளம்பும்போது பண்டஸ்லிகா வரலாற்றில் அதிக கோல் அடித்த வெளிநாட்டு வீரர் அவர்தான். பிறகுதான் எல்பர், பிசாரோ, லெவன்டோவ்ஸ்கி ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

30 வயதில் ஊர் திரும்பினால் பென்ஷன் வாங்கப் போகிறார் என்றுதான் நினைப்போம். கிராஸ்ஹாப்பரில் சேர்ந்தார், அங்கே கோச் பழைய ஹாட்ஜ்சன். 2000-01இல் லீக் பட்டம், கூடவே 21 கோலோடு லுகானோவின் கிறிஸ்டியன் ஹிமேனஸுடன் சேர்ந்து அதிக கோல் அடித்தவர். வாழ்க்கையில் கோப்பையும் தனிப்பட்ட உச்சமும் ஒரே வருடத்தில் கூடி வந்தது அந்த ஒரு முறைதான், அதுவும் 31 வயதில். சுவிஸ் லீக் என்பதால் வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை.

2002இல் பெர்னின் யங் பாய்ஸ். பழைய வாங்க்டார்ஃப் ஸ்டேடியத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்ததால் அந்த வருடங்களில் சின்ன நோய்ஃபெல்ட் மைதானத்தில் ஆடினார்கள். 2003-04இல் அணி இரண்டாமிடம், அதிக கோல் அடித்தவர் ஷப்புயிஸா, 23. அந்த சீசன் முடிந்ததும் 35ஆவது பிறந்தநாள். டார்ட்மண்டில் கிடைக்காமல் போன கோல்டன் பூட் மாதிரியான மரியாதை, சொந்த நாட்டில் இரண்டு முறை. அதே 2004இல் யூரோ கோப்பையிலும் ஆடினார். யூஈஎஃப்ஏ தன் 50ஆம் ஆண்டை ஒட்டி ஒவ்வொரு நாட்டுச் சங்கத்தையும் ஐம்பது வருடத்தின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, சுவிட்சர்லாந்து சொன்ன பெயர் இவருடையது. 2005-06இல் தொடங்கிய இடமான லோசானுக்குப் போய் ஒரு சீசன். திவாலாகி அடிமட்டத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த கிளப், இரண்டாம் டிவிஷன். அதோடு பூட்ஸைக் கழற்றினார்.

ஆட்டம் முடிந்தும் யங் பாய்ஸ் விடவில்லை. வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஸ்கவுட்டிங் வேலைக்கு வந்துவிட்டார். அந்த கிளப் 1986க்குப் பிறகு பட்டமே வென்றதில்லை. 2018இல் வென்றது, 32 வருடத்துக்குப் பிறகு. டார்ட்மண்ட் 1963இலிருந்து 1995 வரை காத்திருந்ததும் அதே 32தான். இரண்டு கிளப்பின் வறட்சி முடிந்தபோதும் உள்ளே இருந்தவர், இரண்டு முறையும் மைதானத்துக்கு வெளியே நின்றார். அதற்குப் பிறகு யங் பாய்ஸ் பட்டங்களை அடுக்கிக்கொண்டே போனது.

எதைப் பார்ப்பது என்றால், என் வரிசை இது. முதலில் 1998 பயர்ன் மேட்சின் எக்ஸ்ட்ரா டைம். அடுத்து 1991-92 கோல் தொகுப்பு, கிடைத்தால் கடைசி நாள் டூயிஸ்பர்க் மேட்சோடு. அதற்குப் பிறகு 1997 ஃபைனலை ஹைலைட்ஸாகப் பார்க்காமல் முதல் பாதியை முழுதாகப் பாருங்கள். பந்து அவரிடம் வரும்போது யுவென்டஸ் டிஃபெண்டர்கள் எத்தனை பேர் அவர் பக்கம் நகர்கிறார்கள், ரீட்லேக்கு எவ்வளவு இடம் திறக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.